விலாசம் தெரியாத குமிழிகள்

சென்னகிருஷ்ணனைக் கேலி செய்ய நினைத்தவர்கள் கொஞ்சம் சீக்கிரமாக வர வேண்டியிருந்தது. தாமதித்தால் அந்த வேலையை அவரே முடித்து வைத்திருப்பார்.

கோயம்புத்தூரில் அவிநாசி ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவர் பொறுப்பாளர். உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர். அதற்கு மேல் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்து, வழிகாட்டியோடு ஒத்துவராமல் நடுவில் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் யாராவது அவரைத் தெரியாமல் டாக்டர் என்று கூப்பிட்டால், "பாதி டாக்டருங்க. முழு டாக்டரு மாடியில இருக்காரு" என்பார். நாற்பத்து மூன்று வயது, முன்வழுக்கை, கொஞ்சம் தொப்பை. இந்த மூன்றையும் பற்றி அவரிடம் தனித்தனி நகைச்சுவைகள் இருந்தன. அவற்றில் புதிது எதுவும் இல்லை என்பது அவர் மனைவி ரங்கநாயகியின் கருத்து.

தொண்ணூற்று எட்டாம் வருஷம் ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஸ்கேன் அறையைக் கவனித்துக்கொள்ளும் டாக்டர் சித்திகா ஒரு நகலெடுத்த கட்டுரையோடு அவர் மேசைக்கு வந்தாள். பெங்களூர் மாநாட்டில் யாரோ கொடுத்தது. அவளுக்குப் படங்கள் புரிந்தன, வேதியியல் புரியவில்லை.

"ஸ்கேன்ல ரத்தம் கறுப்பாத்தானுங்க சார் தெரியும். பொடிப்பொடியாக் குமிழி பண்ணி ஊசியில ஏத்துனா, பட்ட ஒலிய அது திருப்பி அடிக்கும், வெள்ளையா மின்னும். அது பழைய சேதி. இப்ப என்ன பண்றாங்கன்னா, குமிழி மேல வெலாசம் எழுதி அனுப்பறாங்களாம். ஒடம்புல எங்க ரத்தம் கட்டியிருக்குதோ அங்க மட்டும் போய் ஒட்டிக்குமாம்."

"தபால் மாதிரியா?"

"அப்படித்தானுங்க."

"எனக்கு வர்ற தபால் மாதிரி இல்லாம இருந்தாச் சரி. எங்க ஊட்டுக்கு வர்ற கல்யாணப் பத்திரிகையெல்லாம் மூணு தெரு தள்ளி இன்னொரு கிருஷ்ணன் வாங்கி வெச்சுக்கறான். மொய் மட்டும் என்னைக் கேக்கறாங்க."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். சென்னகிருஷ்ணன் கட்டுரையை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். அன்று டீ குடிக்க மறந்துவிட்டார்.

விஷயம் அவருக்கு எளிதாகவே புரிந்தது. பயோட்டின் என்று ஒரு வைட்டமின் இருக்கிறது. அவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அவிடின் பயோட்டினைக் கண்டால் பிடித்த பிடியை விடாது. அதுவும் ஒரே சமயத்தில் நான்கைப் பிடித்துக்கொள்ளும். குமிழியின் தோலில் பயோட்டினைக் கொக்கி மாதிரி மாட்டி, ரத்தக்கட்டியின் மேலும் அதே கொக்கியை மாட்டிவிட்டால், நடுவில் அவிடின் நின்று இரண்டையும் இழுத்துக் கட்டிவிடும். அந்த அவிடின் எங்கே கிடைக்கிறது என்ற வரியில்தான் அவர் கண் நின்றது. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில்.

பல்லடத்துப் பக்கத்தில் ஒரு நடை நடந்தால் மனிதர்களைவிடக் கோழிகள் அதிகம். அங்கே அவருடைய கல்லூரித் தோழன் காளிச்சாமி பண்ணை வைத்திருந்தான். உலகத்தின் மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கு இல்லாத ஒரு வசதி தனக்கு இருப்பதாகச் சென்னகிருஷ்ணனுக்குத் தோன்றியது. நோபல் பரிசுக்கு என்ன சட்டை போட்டுக்கொண்டு போவது என்கிற வரைக்கும் அன்று பஸ்ஸில் யோசித்ததாக அவரே பின்னால் எல்லாரிடமும் சொன்னார்.

காளிச்சாமி முழுக்கதையும் கேட்டான்.

"ஏன்டா கிருஷ்ணா, வெள்ளைக்கரு மட்டும் போதும்னு சொல்றயே, அதை நான் கோழிகிட்ட எப்படிச் சொல்றது?"

"நீ முழு முட்டையாவே குடு. மஞ்சக்கருவுக்கு எங்க ஊட்ல வழி பண்ணிக்கறேன்."

"தங்கச்சிகிட்டக் கேட்டுட்டியா?"

"நான் தீர்மானம் பண்ணா அவ தட்டமாட்டா."

காளிச்சாமி பண்ணை ஆளைக் கூப்பிட்டு அட்டைகளில் முட்டையை அடுக்கக் கட்டளையிட்டான். அடுத்த வாரங்களில் அவருடைய வீட்டில் மஞ்சள்கருப் பொரியல், மஞ்சள்கருக் குழம்பு, மஞ்சள்கரு தோசை என்று வரிசையாக நடந்தது. மகள் பிரத்யுஷா பள்ளிக்கூட டப்பாவைத் திறக்கப் பயந்தாள். ரங்கநாயகி ஒருநாள் சட்டியை அப்படியே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஏனுங்க, குமிழி மேல வெலாசம் எழுதறது இருக்கட்டும். இதை எந்த வெலாசத்துக்கு அனுப்பறதுன்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து மஞ்சள்கரு ஆஸ்பத்திரிக் கேண்டீனுக்குப் போனது.

இரண்டாம் முறை முட்டை வாங்கப் போனபோதுதான் அவர் கீழே விழுந்தார். மொபெட்டின் பின்னால் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு, பல்லடத்திலிருந்து சூலூர் வரைக்கும் லாரிகளுக்கு நடுவில் பத்திரமாக வந்தவர், பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றும்போது, ஊன்றிய இடத்தில் எண்ணெய் இருந்ததால், நின்ற நிலையிலேயே சாய்ந்தார். முட்டை அத்தனையும் போயிற்று. இடது கணுக்காலில் எலும்பு விரிசல்.

மாவுக்கட்டுப் போட்ட எலும்பு டாக்டர், "எவ்வளவு வேகத்துல போனீங்க?" என்று கேட்டார்.

"வேகமே இல்லைங்க. நிறுத்திப்போட்டுத்தானுங்க விழுந்தேன். ஓடறப்ப விழுகறதெல்லாம் எல்லாரும் பண்றதுதான்."

கட்டுப் போட்ட காலோடு அவர் லீவு எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. வெள்ளைக்கருவிலிருந்து அவிடினைப் பிரிக்க, ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில் பொடி நிரப்பி, அதன் வழியாகக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். முதலில் வருவது வேண்டாதது, பிறகு உப்பு கூடக்கூட வேண்டியது வரும். எது எப்போது வருகிறதென்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் குழாய் மாற்ற வேண்டும். வழக்கமான வேலை முடிந்த பிறகு, உயரமான ஸ்டூலில் ஏறி, மாவுக்கட்டுக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அவர் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கணக்கில் அசையமாட்டார். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த மெஹராஜ் என்ற பெண், "சார், எந்திரிச்சுக் கொஞ்சம் நடங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "நடந்து போனாத்தாம்மா நான் விழுவேன்" என்றார்.

வந்தது அவிடினா என்று கண்டுபிடிக்க ஒரு மஞ்சள் சாயம் உண்டு. அவிடின் இருந்தால் அது சிவக்கும். முதல் தடவை சாயம் மஞ்சளாகவே இருந்தது. வேண்டியதைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு வேண்டாததைப் பத்திரமாகக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார் என்பது மறுநாள் தெரிந்தது. பத்து அட்டை முட்டையின் சாரம் உக்கடம் சாக்கடை வழியாகப் போய்விட்டதாகவும், அங்கே கொசுக்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பறக்கின்றனவாம் என்றும் கேண்டீனில் அவர்தான் செய்தி பரப்பினார். அடுத்த தடவை சாயம் செம்பருத்தியாகச் சிவந்தது. மெஹராஜைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கை தட்டினாள். அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். அதற்கு உடனே நகைச்சுவை எதுவும் அகப்படவில்லை.

ரத்தக்கட்டி செய்யத் தன் ரத்தத்தையே எடுத்தார். மெஹராஜின் ரத்தத்தைவிட அது வெகு சீக்கிரம் உறைந்தது. "இதுல மட்டும் நான் கெட்டிக்காரன் பாத்தியா" என்றார். புரதக் கரைசலை ஒலியால் அதிரவைத்து, காப்பி நுரை மாதிரி ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில் குமிழிகள் செய்தார். குமிழியிலும் கட்டியிலும் கொக்கி மாட்டினார், குமிழியோடு அவிடின் சேர்த்தார். மாவுக்கட்டும் அதற்குள் பிரித்தாகிவிட்டது. கட்டியை வெள்ளை நூலில் கட்டி, தண்ணீர் நிரப்பிய நீலத் தொட்டியில் தொங்கவிட்டு, குமிழியைச் சேர்த்து, கொஞ்ச நேரம் கழித்து நல்ல தண்ணீரால் அலசினால், ஒட்டியது மட்டும் மிஞ்சும். ஸ்கேன் கருவியின் முனையைக் கையுறைக்குள் போட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள் சித்திகா. கட்டி பௌர்ணமி மாதிரி மின்னியது.

சேதி மாடிக்குப் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் பெரிய டாக்டரும் இன்னும் ஏழெட்டு டாக்டர்களும் ஸ்கேன் அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். சென்னகிருஷ்ணன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டு வந்திருந்தார். வயிற்றுப் பக்கம் பொத்தான் இழுத்தது.

"ரொம்ப எதிர்பார்க்காதீங்க. நின்ன வண்டியிலிருந்து விழுந்தவன் பண்ணது" என்று ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள். திரையில் கட்டி மின்னியபோது சிரிப்பு நின்றது. பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கிருஷ்ணன், இதைப் பேப்பர்ல போடச் சொல்லலாமா? எனக்குத் தெரிஞ்ச நிருபர் ஒருத்தர் இருக்கார்" என்றார்.

சென்னகிருஷ்ணனுக்குக் காதெல்லாம் சூடாகியது. ஆராய்ச்சியைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கட்டும் என்று ஆசையாக இருந்தது. ஆனால் மேசையில் இரண்டாவது கட்டி காத்திருந்தது. கொக்கியே மாட்டாத, சாதாரண ரத்தக்கட்டி. அதில் குமிழி ஒட்டக் கூடாது. ஒட்டாமல் இருந்தால்தான் முதலாவது விலாசம் பார்த்து ஒட்டியதாக அர்த்தம். முந்தின நாள் ஒத்திகையில் நேரமில்லாமல் அதைப் பார்க்காமல் விட்டிருந்தார்கள்.

"சார், அதையும் காட்டிரலாங்களா?" என்றாள் சித்திகா.

"காட்டித்தானே ஆகோணும்" என்றார் அவர்.

இரண்டாவது கட்டியும் பௌர்ணமி மாதிரி மின்னியது. சித்திகா கருவியின் முனையை மெல்ல நகர்த்தினாள். கட்டியைத் தொங்கவிட்ட நூலும் மின்னியது. முடிச்சு மின்னியது. கடைசியாகத் தொட்டியின் சுவரும் கோடு போட்ட மாதிரி வெள்ளையாக வந்தது.

பெரிய டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"வெலாசம் எழுதுனது சரிதானுங்க" என்றார் சென்னகிருஷ்ணன். "ஆனா என் குமிழிக்குப் படிக்கத் தெரியலைங்க. கண்ட ஊட்லயெல்லாம் பூந்து உக்காந்துக்குது. என்னை மாதிரியே, யாரு காப்பி குடுத்தாலும் போயிருது போல."

அறை வெடித்துச் சிரித்தது. தோளைத் தட்டிவிட்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நிருபரைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாரும் போன பிறகு அவர் தொட்டித் தண்ணீரைக் கொட்டத் தூக்கினார். தூக்கி இரண்டு எட்டு வைத்ததும் முகம் சுருங்கியது.

"என்னாச்சுங்க சார்?" என்றாள் சித்திகா.

"கெண்டைக்கால் புடிச்சுக்குது. மாவுக்கட்டுப் பிரிச்சதுலேயிருந்து இருக்குது. வயசாச்சில்லைங்க, தொப்பைய ஒத்தைக் காலே செமக்குது."

"பேண்ட்டைத் தூக்குங்க, பாக்கலாம்."

"இப்பத்தானுங்க மானம் போச்சு. காலாச்சும் மறைவா இருக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. அவர் கால்சட்டையைத் தூக்கினார். இடது கெண்டைக்கால் வலதைவிடத் தடித்து, பளபளவென்று இருந்தது. அவள் அவரைப் படுக்கையில் படுக்கவைத்து, கையுறையைக் கழற்றிய அதே கருவி முனையில் பசையைத் தடவி, தொடையிலிருந்து முழங்காலின் பின்புறம் வரைக்கும் இறங்கினாள். குமிழி ஏதும் தேவையில்லாத பழைய முறை அது. முனையால் அமுக்கினால் நல்ல ரத்தக்குழாய் சப்பையாகிவிடும். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அமுங்காது.

தொடையில் எல்லாம் சப்பையாயிற்று. முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாயின் கறுப்பு வட்டம் அப்படியே நின்றது. அவள் இன்னும் அழுத்தி அமுக்கினாள். நின்றது. படுத்த இடத்திலிருந்து சென்னகிருஷ்ணனும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வாரம் இதைத் தேடுவதற்குத்தான் அவர் முட்டை உடைத்திருந்தார்.

"குமிழி இல்லாமயே தெரியுதுங்களே, டாக்டரம்மா" என்றார். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

"எந்திரிக்காதீங்க சார். நடக்கக் கூடாது. நான் ஸ்ட்ரெச்சர் சொல்றேன்."

மாவுக்கட்டுக் காலை மணிக்கணக்கில் அசைக்காமல் தொங்கப் போட்டதில் உறைந்த ரத்தம் அது. கட்டி உடைந்து மேலே போனால் நுரையீரலில் அடைக்கும். அது அவருக்குத் தெரியாததில்லை. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, தான் தினமும் கடந்துபோகும் வார்டில், அவரைப் படுக்கவைத்து ரத்தம் உறையாமலிருக்க மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். மருந்தின் அளவைச் சரிபார்க்க அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. எடுக்க வந்தவள் மெஹராஜ்.

"ஏம்மா இப்படிக் குத்தறே? யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"நீங்கதானுங்க சார்."

"அதான் வலிக்குது."

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் கதையை நடித்துக் காட்டினார். காளிச்சாமி வந்து, "கோழிங்க சாபம்டா" என்றான். "பாதிதான் சாபம். மஞ்சக்கருச் சாபம் கேண்டீன்காரனுக்கு" என்றார் அவர். ஆனால் ஆட்கள் போய்விட்ட பிறகு, மூச்சை இழுக்கும்போது மார்பில் குத்துகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கவனித்துக்கொண்டே படுத்திருந்தார். குத்துகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ரங்கநாயகி சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ரசத்தை ஊற்றினாள். அவர் வாங்கிக் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"ஏனுங்க" என்றாள் அவள்.

"ம்."

"ஏதாச்சும் சொல்லுங்க. நீங்க உங்களையே திட்டிக்காம இருந்தா எனக்குப் பயமா இருக்குதுங்க."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. எதையாவது சொல்லி அவளைச் சிரிக்கவைக்க வேண்டுமென்று தேடினார். வழுக்கையைப் பற்றியது, தொப்பையைப் பற்றியது, பெட்ரோல் பங்கைப் பற்றியது, எல்லாம் வரிசையில் நின்றன. ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்குது" என்றார்.

அவள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வந்து விளக்கைப் போடும் வரைக்கும் விடவில்லை.

கட்டி எங்கும் போகவில்லை. ஊசி மருந்து மாத்திரையாக மாறி, அவர் வீட்டுக்கு வந்தார். படுத்திருந்த நாட்களில் ஒரு காரியம் நடந்திருந்தது. குமிழிகள் ஏன் எல்லாவற்றிலும் ஒட்டின என்று யோசிக்க அவருக்கு வேறு வேலையில்லாத நேரம் கிடைத்தது. அவிடின் நேர்மின்னேற்றம் கொண்டது. நூலும் கட்டியும் தொட்டியும் எதிர்மின்னேற்றப் பக்கம். கொக்கியே இல்லாவிட்டாலும் அது இழுத்துக்கொண்டு போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் வேறு ஏதாவது புரதத்தைப் பூசி ஒட்டும் இடங்களை அடைத்துவிட வேண்டும்.

வேலைக்குத் திரும்பியதும் பால்பவுடரைக் கரைத்துப் பூசிப் பார்த்தார். திரை முழுக்கக் கறுப்பு. நூலும் இல்லை, தொட்டியும் இல்லை, கொக்கி மாட்டிய கட்டியும் இல்லை. பாலில் பயோட்டின் இருக்கிறது. அவிடினின் கைகள் நான்கையும் பாலே நிரப்பிவிட்டது. "முதல்ல எல்லார் ஊட்டுக்கும் போச்சு. இப்ப யார் ஊட்டுக்கும் போகமாட்டேங்குது. கோவிச்சுக்கிச்சாட்ட இருக்குது" என்று சித்திகாவிடம் சொன்னார். மூன்றாம் தடவை பாலை விட்டுச் சுத்தமான ரத்தப் புரதத்தைப் பூசி, அலசும் தண்ணீரில் உப்பைக் கூட்டினார். நூல் மறைந்தது. தொட்டி மறைந்தது. கொக்கியில்லாத கட்டி மங்கலாகத் தெரிந்தது. கொக்கி மாட்டிய கட்டி அதைவிட வெளிச்சமாகத் தெரிந்தது. பௌர்ணமியெல்லாம் இல்லை, ஒரு ஆறாம் பிறை. சித்திகா திரையில் அளந்து பார்த்து, வித்தியாசம் உண்மைதான் என்றாள். இந்த முறை பெரிய டாக்டரைக் கூப்பிடவில்லை. இருவரும் மெஹராஜும் கேண்டீனில் பஜ்ஜி சாப்பிட்டார்கள்.

மனிதர் உடம்பில் ஏற்றும் இடத்துக்கு அது போகப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பெரிய ஊர்களில் பெரிய கூடங்கள் இருந்தன. அவர்களும் இன்னும் விலங்குகளைத் தாண்டவில்லை. இருந்தாலும் மறுவருஷம் மைசூரில் நடந்த மாநாட்டுக்குச் சித்திகாவும் அவரும் சேர்ந்து ஒரு விளக்கப் பலகை தயாரித்தார்கள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ரங்கநாயகி, "தனியா விட்டா எங்கியாச்சும் நின்னுக்கிட்டே விழுந்துபோடுவீங்க" என்று கூடக் கிளம்பினாள்.

பலகை வைக்க இடம் கொடுத்தது சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில். வந்தவர்களில் பாதிப்பேர் கை கழுவும் இடம் எங்கே என்று கேட்டார்கள். அவர் வழி காட்டினார். மற்றவர்கள் மேல்வரிசைப் படங்களைப் பார்த்து நின்றார்கள். அங்கே அவர் வெள்ளைவெளேரென்று மின்னும் நூலையும் தொட்டியையும், பால்பவுடர் போட்ட கறுப்புத் திரையையும் பெரிதாக ஒட்டியிருந்தார். உருப்படியான படம் கீழேதான். சித்திகா வேண்டாமென்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியை தட்டோடு வந்து நின்று, நூலைக் காட்டி, இது என்ன என்று தெலுங்கில் கேட்டாள். அவர் பாட்டியிடம் கற்ற தன் கோயம்புத்தூர்த் தெலுங்கில் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவளுக்கு மொழி பாதிதான் புரிந்தது. ஆனாலும் சாதம் ஆறிப்போகும் வரைக்கும் நின்றாள். எங்கள் கூடத்திலும் பால்பவுடரைத்தான் பூசுகிறோம், ஏன் எதுவும் ஒட்டவில்லை என்று மூன்று மாதமாகத் தெரியாமல் இருந்தோம் என்று சொல்லி, அந்தக் கறுப்புப் படத்தின் பிரதி ஒன்றை வாங்கிப் போனாள்.

திரும்பி வரும்போது பஸ் திம்பம் மலையிறங்கிப் பண்ணாரி தாண்டி ஒரு டீக்கடையில் நின்றது. நீண்ட பயணத்தில் இடையிடையே இறங்கி நடக்க வேண்டும் என்பது சித்திகாவின் உத்தரவு. சென்னகிருஷ்ணன் டீ குடிக்காமல், ரோட்டோரமாகப் புளியமரங்களை ஒட்டி நடந்தார். பேராசிரியை கேட்ட கேள்விகளை மனசுக்குள் ஓட்டிக்கொண்டு, அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய நல்ல பதில்களைத் தயார் செய்துகொண்டு, கடமையாக வெகுதூரம் நடந்தார். திரும்பிப் பார்த்தபோது பஸ் கிளம்பியிருந்தது. அவரைத் தாண்டியே போயிற்று. ஜன்னலில் ரங்கநாயகியின் தலை தெரிந்தது.

"நிறுத்துங்க! ஏனுங்க கண்டக்டரு, நிறுத்துங்க! எங்க ஊட்டுக்காரரு ஏறலீங்க!"

பஸ் கொஞ்ச தூரம் போய் நின்றது. அவர் ஓடினார். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருக்கலாம், கால்சட்டையில் தொப்பைதான் முன்னால் ஓடியது. படியில் கால் வைத்ததும் கண்டக்டர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வயசான காலத்துல இந்த ஓட்டம் ஓடறீங்களே, கால் என்னத்துக்காகுங்க?"

சென்னகிருஷ்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே இடது காலைத் தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். வலிக்கவில்லை. இன்னொரு முறை பலமாகத் தட்டினார்.

"முதல்ல போய் உக்காருங்க" என்றாள் ரங்கநாயகி. பஸ் முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.